மலை தெரியும் தூரம்

டேய் சோடாபுட்டி,

இன்று மத்தியானம் வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் கிளாஸ் முடிந்து வந்து சைக்கிளில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒரு சத்தம் வருமே, அது என் வாயிலிருந்து வந்தது. பக்கத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தே விட்டார். மரியாதை போனது போகட்டும், பின்பக்கம் வெந்தது வெந்ததுதான். ஆனால் வெயிலில் கிடந்த அந்தக் கறுப்பு சீட்டிலிருந்து காய்ந்த ரப்பர் வாசனை எழுந்ததே, அதோடு நீயும் வந்துட்டே. போன வருஷம் மே மாதம், தண்டராம்பட்டு போகிற வழியில், பாட்டில் தண்ணீரைக் குடிக்காமல் சீட்டில் ஊற்றிவிட்டு, "வாய் காஞ்சா தாங்கலாம்டா, இது காஞ்சா தாங்க முடியாது"ன்னு சொன்ன நீ.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியாக ஒரு பொய்யைத்தான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நேற்றுக் காலை அதை ஒத்துக்கொண்டேன். உன்னிடம் இல்லை, உங்கம்மாவிடம். அதனால்தான் இன்று எழுதக் கை வருகிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், நான் சொன்னால்தானே ருசி. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதியில் உங்கப்பா வாட்ச்மேன். விடுதியை விற்றுவிட்டார்கள், வாங்கினவருக்கு வாட்ச்மேன் வேண்டாம், கேமரா போதும். அப்போதுதான் தண்டராம்பட்டு தாண்டி ஒரு கோழிப்பண்ணையில் வேலை வந்தது. தங்க வீடும் தருகிறார்கள். குடும்பத்தோடு போகலாம். எல்லாம் சரி, உங்கம்மாதான் சரியில்லை.

உங்கம்மா அடி அண்ணாமலையில் பிறந்து, அதே அடி அண்ணாமலையில் மூன்று தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவங்க. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதும், நிமிர்ந்து மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டால்தான் ஒரு வாய் தண்ணீர் இறங்கும். "மலை தெரியாத ஊர்ல என்னால இருக்க முடியாதுங்க. அங்கேர்ந்து தெரியுதுன்னா சொல்லுங்க, இன்னிக்கே மூட்டை கட்றேன்"னு சொல்லிட்டாங்க. உங்கப்பா மேகம் மூடின ஒரு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தெரியும்னுதான் சொல்றாங்க" என்று இழுத்தார்.

"சொல்றாங்களா, தெரியுதா?"

அவ்வளவுதான், உங்கப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். திங்கட்கிழமை பண்ணைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக முடிவானது.

நீ ஒருத்தனே போயிருக்கலாம். ஆனால் உன் முகத்தில் கண்ணாடி இல்லை. காரணம் நான். வெள்ளிக்கிழமை உன் கண்ணாடியை எடுத்து, சுருட்டி வைத்த பாய்க்குள் ஒளித்தேன். நீ வீடெல்லாம் தடவித் தேடுவதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, உங்கப்பா வந்து பாயை விரித்துப் படுத்தார். படக். புதுக் கண்ணாடி வர ஒரு வாரமாகும் என்றார்கள் கடையில். கிளம்பும்போது உங்கம்மா என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாங்க.

"உனக்குத்தான் கண்ணு நல்லா கீதே. நீ பாத்து சொல்லு. விளையாடாதே, இன்னா?"

"சரி அத்தை."

பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரே நிறத்து சைக்கிள் இரண்டு. மெயின் ரோட்டில் லாரி ஜாஸ்தி என்று ஏரிக்கரை வழியாக, உள்ரோட்டிலேயே போனோம். உனக்கு முன்னால் போகிற மாட்டு வண்டி வரைக்கும்தான் தெரியும். பின்னால் இருக்கிற மலைக்கு என் கண்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டே, "இப்ப எப்படிடா கீது?"

"குந்திகினு கீற ஆனை மாதிரி."

ஏரி தாண்டினதும் மறுபடியும். "இப்ப?"

"ஹெட்மாஸ்டர் தொப்பை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மூச்சை உள்ள இழுத்து வெச்சிருக்காரு."

"இப்ப?"

"உங்கப்பா போர்வை போத்திகினு படுத்திருக்காரு. குறட்டை மட்டும் கேக்கல."

நீ சிரித்த சிரிப்பில் ஹாண்டில் ஆடி, ஓரத்து வேலியில் உரசிக்கொண்டு போனே. நான் சொன்னதில் பாதி புளுகு என்று உனக்குத் தெரியும். ஆனால் மலை உண்மையாகவே ஒவ்வொரு வளைவிலும் வேறு மலையாக மாறிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து ஒரே பக்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அன்றைக்குத்தான் அது புரிந்தது.

ஊர் தாண்டுகிற வரைக்கும் நிலமெல்லாம் கலர் கலராகக் கல் நட்ட மனைகள். வாசலில் பெரிய அலங்கார வளைவு, அதில் ஏதோ ஒரு நகர் என்று பேர், உள்ளே ஒரு வீடு கிடையாது. "கல்லுங்க மட்டும் குடியிருக்குதுடா"ன்னு சொன்னே. அப்புறம் மல்லாட்டை பிடுங்கின காடு. தார்ப்பாய் நிழலில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து கொடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள், மண்ணெல்லாம் பச்சை வேர்க்கடலை வாசனை. அப்புறம் ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்று புளியமரங்களை வெட்டிச் சாய்த்த நீளமான பாதை. தலையில் துண்டைப் போட்டும் காது சுட்டது. "நிழலை லாரில ஏத்திகினு போயிட்டானுங்க"ன்னு நீ முனகினே. அன்றைக்கு நன்றாகப் பேசினது நீதான், நான் இல்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு பம்ப்செட்டில் தலையை நீட்டி நின்றோம். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் சோப்பும் கையுமாக நம்மைப் பார்த்தார்.

"எந்த ஊரு பசங்கடா நீங்க?"

"அடி அண்ணாமலைங்க."

"எங்க போறீங்க இந்த வெயில்ல?"

"மலையைப் பாக்கப் போறோங்க," என்று நீ முந்திக்கொண்டே.

அவர் கையில் இருந்த துணி நின்றது. "மலை உங்க ஊர்லதானே கீது?"

"ஆமாங்க."

"அதைப் பாக்க இம்மா தூரம் வந்தீங்களா? வெயில் ஏறிடுச்சு போல. இன்னும் கொஞ்சம் தண்ணிய ஊத்திக்கோங்கடா தலையில."

கால்வாய் ஓரம் வந்ததும் திடீரென்று பச்சை. நெல், கரும்பு, நடுவில் வெள்ளைக் கொக்கு. நீ கண்ணைச் சுருக்கி, "வெள்ளையா தெரியுதே, சட்டையாடா?" என்று கேட்டே. "ஆமா, கொக்கு துவைச்சுக் காயப் போட்டிருக்குது" என்றேன்.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. தகரக் கொட்டகைகள், கோழி வாசனை, தள்ளி ஓட்டு வீடு, வாசலில் வேப்பமரம். நன்றாகத்தான் இருந்தது வீடு. நீ வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தே, ஏதோ தெரிகிற மாதிரி. வடக்குப் பக்கம் முழுக்க வெயில் புகைந்துகொண்டிருந்தது. மலை இல்லை.

"கொஞ்ச நேரம் குந்தலாம். வெயில் இறங்கட்டும்."

வேப்பமரத்தடியில் உங்கம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைத் தின்றோம். அங்கேயே கால் நீட்டிப் படுத்தே. "இங்க வந்தா தண்டராம்பட்டு ஸ்கூல்ல சேக்கணும்னு அப்பா சொன்னாருடா" என்றே. பிளஸ் டூவில் என் பக்கத்தில் யார் உட்காருவது, யார் கண்ணாடியை நான் ஒளித்து வைப்பது? அதுவரைக்கும் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. வெயிலில் சுற்றப் போகிற குஷியில் கிளம்பி வந்தவன் நான்.

நாலு மணிக்கு மேல் காற்று திரும்பியது. கொட்டகைக் கூரைக்கு மேலே, தொலைவில், பல தடவை துவைத்து வெளுத்த நீலச் சட்டை மாதிரி ஒன்று தெரிந்தது. சின்னதாக. ஆனால் அதுதான். வேறு எந்த மலைக்கும் அந்தத் தோள் கிடையாது.

நீ எழுந்து உட்கார்ந்தே. "தெரியுதாடா?"

"இல்ல."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன்டா. ஒண்ணும் இல்ல."

நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் சிரிப்பு வராத பொய் அது ஒன்றுதான். நீ கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தே. அப்புறம், "சரி, போலாம்" என்றே. திரும்பும்போது தண்டராம்பட்டு தாண்டினதும், "இதோ, இப்பதான் தெரியுது" என்று நானே அறிவித்தேன். வீட்டில் உங்கம்மா உன்னைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாங்க. "தெரியல அத்தை" என்றேன். "அப்ப வேணாம்"னு உள்ளே போயிட்டாங்க.

உங்கப்பா தனியாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், பையில் விரிசல் விட்ட முட்டைகளோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். நீ அரை மணி நேரம் முன்னாலேயே ஸ்டாப்பில் போய் நிற்பே. நான் தூரத்தில் இருந்து பார்ப்பேன். அவர் பையை நீ வாங்குவே, அவர் உன் கழுத்தில் கையைப் போட்டுக்கொள்வார். சாயந்தரமே திரும்பிப் போய்விடுவார். அந்த ஞாயிறுகளில் உங்கள் வீட்டுப் பக்கம் நான் வர மாட்டேன். படிக்கிறேன் என்பேன். நான் படிக்கிறேன் என்றபோதே நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் நீ இல்லை. உங்கப்பா கடைசி இரண்டு நாள்தான் கூட இருந்தார். இதற்கு மேல் இதை எழுத எனக்கு வராது.

போன வாரம் உங்கம்மா பண்ணைக்கே போய்விடுகிறேன் என்று சொல்லிட்டாங்க. "இனிமே எந்த மலை தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா." முந்தாநாள் சின்ன யானை வண்டியில் சாமான் ஏற்றினோம். பீரோவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த உங்கப்பாவிடம் போய் நின்றேன்.

"மாமா, அன்னிக்கு மலை தெரிஞ்சுது. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் கயிற்றை விடவில்லை. "தெரியும்டா மருமவனே. நான் அங்கதானே குந்திகினு கீறேன்? மொத மழை பேஞ்ச மறுநாள் காலைல ஷெட்டுக் கதவைத் தொறக்கறேன், எதிர்ல நிக்குது."

அது எனக்குத் தோன்றவே இல்லை, பார். மறைத்ததோ மலை, அதுவும் அதற்கு எதிரிலேயே குடியிருக்கப் போகிற மனுஷனிடம். புளுகுவதிலும் நான் பெயில்.

"அவனுக்கு?"

"அந்த ஞாயித்துக்கிழமையே சொன்னேன். சிரிச்சான். 'எனக்கும் இந்த வருசம் இங்கயே படிக்கணும்பா, அம்மாகிட்ட சொல்லாத. பரீட்சை முடிஞ்சதும் எல்லாரும் வந்துடறோம். அவன்கிட்டயும் சொல்லாத, எப்ப ஒத்துக்கறான்னு பாக்கறேன்'னான். நானும் சரின்னுட்டேன்." முடிச்சை இறுக்கி இறுக்கிப் போட்டார். முகத்தைத் திருப்பவே இல்லை. "உங்க அத்தைக்கு இன்னும் சொல்லல. காலைல அவளே பாக்கட்டும்."

வகுப்பு நடுவில் சும்மா சும்மா என் பக்கம் சாய்ந்து, "அன்னிக்கு நல்லா பாத்தியாடா?" என்று கேட்பியே. புதுக் கண்ணாடிக்குள்ளே உன் கண் இரண்டும் பெரிசாக இருக்கும். சந்தேகப்படுகிறாய் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் பழைய பொய்க்கு மேல் ஒரு புதுப் பொய்யை அடுக்கினேன். நான் ஒத்துக்கொள்ள நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கே. எல்லாரையும் ஏமாற்றுகிற என்னை அஞ்சு மாசம் ஏமாற்றின ஆள் நீ ஒருத்தன்தான்டா.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு உங்கம்மா போன்.

"டேய்! மலை தெரியுதுடா! ஷெட்டுக்கு மேல, சின்னதா, நீலமா!"

பின்னால் கோழிச் சத்தம். "அன்னிக்கு நீ சரியா பாக்கலியா?"

மூன்று பொய் தயாராக இருந்தது. புகை, மரம், கண்ணில் வெயில்.

"பாத்தேன் அத்தை. தெரிஞ்சுது. அவன் போயிடுவான்னுதான் தெரியலன்னேன்."

போன் கட்டாகிவிட்டதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை. மாமா சொல்லியிருக்காரு. என்கிட்டதான் காட்டிக்கல."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "ரெண்டும் ஒரே களவாணிங்க," என்றாங்க. ஏழு மாதமாக அந்தக் குரலில் இல்லாத ஒன்று அப்போது இருந்தது. "ஞாயித்துக்கிழமை வந்து சேரு. உதை கீது உனக்கு. சோறும் கீது."

போகிறேன்டா. சைக்கிளில்தான். உதையை வாங்கிக்கொள்கிறேன், உன் பங்கும் சேர்ந்தேதான் விழும். உங்கப்பாவிடம் சொன்னேன், உங்கம்மாவிடம் சொன்னேன். நீ பக்கத்து இடத்திலேயே உட்கார்ந்து கேட்டபோது மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் எத்தனை பேரிடம் சொன்னாலும், உனக்கென்று இருந்த அந்த 'பாத்தேன்டா' மட்டும் இறங்க இடமில்லாமல் என்கூடவே திரும்பி வரும்.