குருவியைப் பையில் வைத்துக்கொண்டு போனவனுக்கு

என் ஆசை மச்சான் கந்தையா,

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. உடம்பெல்லாம் அலுப்பு. ஆனாலும் உன்னைத் திட்டாமல் எனக்கு ஓய ஏலாது.

நேற்றுக் காலை உன் பெண்சாதி பவளத்துக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. "பிள்ளை குறுக்கா கிடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். சாம்பல்தீவிலிருந்து போக உன் கார்தான் உண்டு. காரின் முன்னால் கைபிடியைச் செருகிச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம், கார் கிளம்பவில்லை.

ஒரு மாதமாய் ஓடாமல் நின்ற கார், பற்றரி செத்திருக்கும் என்று நினைத்தேன். ஹோன் ஊரைக் கூட்டுகிறது, விளக்கும் பளிச்சென்று எரிகிறது. ஓர் ஆளைச் சுற்றவிட்டு, கொயில் வயரை இரும்புக்குக் கிட்டப் பிடித்தேன். நீலப் பொறி பாய்ந்தது. பிளக்கில் மட்டும் ஒன்றுமில்லை. அப்படியென்றால் கோளாறு இடையில்தான். பொறியைப் பிரித்துக் கொடுக்கும் மூடியைத் திறந்தால், உள்ளே சுழலும் சின்னத் துண்டைக் காணோம். நீ குருவி என்று பேர் வைத்தாயே, அதுதான். அட பாவி!

துறைமுகத்தில் குண்டு விழுந்ததிலிருந்து உனக்கு அந்தப் பைத்தியம். "ஜப்பான்காரன் இறங்கினாலும் என்ர காரை எடுக்க விடமாட்டன்" என்று தினமும் குருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவாய். நான்தான் மறந்துபோனேன்.

நீ கடைசியாய்ப் போட்டிருந்த சட்டையைப் பவளம் தோய்க்கவிடவில்லை. தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். நோவில் துடிக்கிறவளிடம் அதை எப்படிக் கேட்பது? வாசலில் நின்று விழித்தேன்.

"என்ன அண்ணை, கார் வெளிக்கிடேல்லையோ?"

"குருவியைக் காணேல்லை, தங்கச்சி."

சட்டையை இழுத்து நீட்டினாள். "அவர் வைச்சது வைச்சபடி கிடக்கட்டும் எண்டு நான் கை வைக்கேல்லை. எடுங்கோ."

பையிலிருந்த குருவியைப் பூட்டினேன். ஒரே சுற்றில் கார் பிடித்தது. பெண் பிள்ளை, மச்சான். உன் மூக்கு, பாவம். தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரி மரவாங்கில் குந்தியிருந்து அழுதேன்.

ஒன்று கேட்கிறேன். கடைசி நாள், பேச்சு நின்ற பிறகு, நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினாய். நெஞ்சு நோகுதாக்கும் என்று சட்டைக்குள் கைவிட்டு எண்ணெய் தேய்த்தேன். நீ பையைத்தான் காட்டினாயா?

இனிக் குருவியை எல்லாருக்கும் தெரிய வாசல் ஆணியில்தான் கொழுவுவேன். உன் மகள் நடக்கத் தொடங்கியதும் அவளுக்கும் காட்டிவைப்பேன்.

கையில் இன்னும் அந்த எண்ணெய் மணக்கிற,
உன் மச்சான்
வல்லிபுரம்