ஒன்றும் நடக்காத ஞாயிற்றுக்கிழமைக்காக

என் நெஞ்சுக்கினிய சலீம்,

உன் மகள் நசீரா மன்னாருக்குத் திரும்பி வந்துவிட்டாள். தகரக் கொட்டிலுக்கு முன்னால் முருங்கை நட்டிருக்கிறாள். உன்னைப் போலவே தேநீரில் சீனியை அள்ளிக் கொட்டுகிறாள். "குடியுங்கோ மாமா, வாப்பா இருந்தா இன்னும் ஒரு கரண்டி போட்டிருப்பார்" என்று சிரிக்கிறாள். புத்தளத்து அகதி முகாமில் நீ கண்மூடியபோது போரால் பாதை பூட்டியிருந்தது. அன்று வந்து சொல்ல முடியாதவற்றோடு இன்றையதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் இரு ஊரும் ஒரே கரையில் கரைவலை இழுத்தன. வெள்ளிக்கிழமை நீங்கள் பள்ளிவாசலுக்குப் போவீர்கள், கரை எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போவோம், கரை உங்களுடையது. தோளில் துவக்கோடு வந்தவர்கள் தமிழரின் பெயரால், முஸ்லிம்கள் என்பதற்காகவே உங்களை விரட்டிய நாளில் அந்த வழக்கம் நின்றது. பிறகு எல்லா நாளும் எங்களுடையதாயிற்று.

வரும் ஞாயிறு வலை இறக்கப்போவதாக உன் மருமகன் அறிவித்திருக்கிறான். போன வாரம் பூசை முடிந்ததும் கோயில் வளவில் எங்கள் ஆட்கள் கூடினார்கள். வலைச் சொந்தக்காரன் அந்தோனி எழுந்தான்.

"அவையள் தாங்களாத்தான் போனவை. இப்ப ஆர் கூப்பிட்டது? வலை இறக்கினா வெட்டுவம். ஆள் குறுக்கை நிண்டா ஆளையும்."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னை எழவைத்தது.

"நாங்கள் சண்டைக்கை மடு மாதா கோயிலிலை அகதியாக் கிடந்தமே, அதுவும் தாங்களாப் போனதோ அந்தோனி?" என்று கேட்டேன்.

"சேர், நீங்கள் படிச்சனீங்கள். உங்களுக்குக் கடல் விளங்காது."

மீன் விற்கும் மரியம்மா விடவில்லை. "எனக்கு விளங்கும். ஞாயிறிலை நீ கடலுக்கே போறேல்லை. நீ பிடிக்காத மீனுக்கு ஏன்ரா கத்தி தீட்டுறாய்? நான் அண்டைக்குப் பருப்புத் தின்னோணுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தோனி சிரிக்கவில்லை.

மறுநாள் பட்டணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகக் கதிரை தந்தார்.

"ஏதும் நடந்ததோ சேர்?"

"இல்லை. நடக்கப் போகுது."

"அப்ப நடந்தாப் பிறகு வாங்கோ."

சலீம், உங்களை விரட்டியதற்கு முதல்நாளும் ஒன்றும் நடந்திருக்கவில்லை. பிணம் விழுந்தபின் விசாரிக்கவும் நட்டஈடு கொடுக்கவும் வருத்தம் தெரிவிக்கவும் இந்த நாட்டில் எத்தனை கதிரைகள்! விழாமல் காக்க ஒரு கதிரையும் இல்லையா?

நசீராவிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த ஞாயிறை விட்டா அடுத்த ஞாயிறையும் விடச் சொல்லுவினம் மாமா. பேந்து ஊரை விடச் சொல்லுவினம். இவர் வலையை இறக்கட்டும்."

அவள் உன் மகள்தான்.

மீண்டு வந்தவர்கள் கொஞ்சப்பேர். கரைவலைக் கயிறு இழுக்க ஆள் போதாது. ஆகவே விடியற்பூசை முடிந்ததும் நானும் மரியம்மாவும், அவள் திட்டித் திட்டிச் சேர்த்த எங்கள் ஆட்களும் அந்தக் கரைக்குப் போகிறோம். கத்தியோடு வருபவன் முதலில் தன் ஊர் முகங்களைப் பார்க்கட்டும். ஞாயிறில் வேலை செய்த பாவத்தைப் பிறகு சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். வலை கரையேறும்வரை கயிற்றிலிருந்து கையெடுக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் நசீராவுக்கு மாமன்,
அருள்