ஏற்றக் கூடாத மெழுகுவர்த்தி

பிப்ரவரி 4

ஆக்ஸிஜன் இயந்திரம் வந்துவிட்டது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுகிறது, அவருக்கும் சேர்த்து. வீட்டில் இனி ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாள். கேஸை மூடியாயிற்று, மின்சார அடுப்புதான். கரண்ட் போனால் உதவும் என்று வாங்கிய மெழுகுவர்த்திப் பெட்டி — தடித் தடியாக, வெள்ளை வெளேரென்று — அதைத் தூக்கிப் போடப் போனேன். அவர் தடுத்தார்.

"கொளுத்தத்தானே கூடாது? அழகு பண்ணக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

பிப்ரவரி 9

வாசல் மரத்து இலை, வேலியோரப் புல், பேர் தெரியாத பொடிப் பூக்கள். எல்லாம் அவர் தலையணைக்கு அடியில் காய்கிறது. கனமான புத்தகம் வைத்து அழுத்தலாம் என்றேன். என் தலைக்கனத்தை விடவா என்றார். சிரித்தார், இருமினார்.

பிப்ரவரி 15

பழகிவிட்டது. கரண்டியை வெந்நீரில் முக்கித் துடைத்து, மெழுகுவர்த்தியில் வைத்த இலையின் மேல் அதன் முதுகால் மெல்லத் தேய்க்க வேண்டும். மெழுகு இளகி இலையைப் பிடித்துக்கொள்ளும். நான் தேய்த்தால் இலை கிழிகிறது. அவர் தேய்த்தால் இலையின் ஓரம்கூடத் தூக்குவதில்லை. பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்த கை. அந்தப் பெயிண்ட் புகைதான் அவர் நெஞ்சைத் தின்றது.

பிப்ரவரி 16

சண்டை. இலையை உச்சி விளிம்பில் ஒட்டச் சொல்கிறார். திரிக்கு அவ்வளவு கிட்டத்தில் வைத்தால் பற்றிக்கொள்ளும் என்கிறேன் நான். தடித்த மெழுகுவர்த்தி நடுவில்தான் குழியுமாம், ஓரம் சுவர் மாதிரி நிற்குமாம், உள்ளிருந்து வெளிச்சம் இலையில் விழுமாம். பாடம் எடுக்கிறார். நான் அடியில்தான் ஒட்டினேன்.

யார் சொல்வது சரி என்று இந்த வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பிப்ரவரி 23

மகள் வந்தாள். தன் கையால் உச்சியில் ஒட்டிய ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

"உன் வீட்டுல ஏத்திப் பாத்துச் சொல்லு. உங்கம்மா தோக்கணும்."

பிப்ரவரி 27

மகள் ஏற்றவில்லையாம். "எரிக்க மனசு வரலம்மா. அலமாரியில வெச்சிருக்கேன்."

அவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமா? இல்லை, அவள் ஏன் எடுத்து வைத்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டதா?

மார்ச் 6

சாப்பிடவில்லை. கரண்டி கையில் நிற்கவில்லை.

மார்ச் 8

டாக்டர் கூடத்துக்கு வந்து என்னிடம் மட்டும் பேசினார். என்ன சொன்னார்னு இவர் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். இன்னிக்கு ஒண்ணு ஒட்டலாமான்னு மட்டும் கேட்டார். போதும் படுங்கன்னு கத்திட்டேன். ஏன் கத்தினேன் — அவர் மேலயா எனக்குக் கோபம்?

மார்ச் 11

விடிந்தபோது இயந்திரம் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 19

இயந்திரத்தை எடுத்துப் போய்விட்டார்கள். படுக்கையை உதறினேன். தலையணைக்கு அடியில் ஒரே ஒரு இலை, நன்றாகக் காய்ந்து, தட்டையாக.

வெந்நீர் வைத்தேன். அவர் சொன்ன இடத்திலேயே, உச்சி விளிம்பில் ஒட்டினேன். ஓரம் கொஞ்சம் கிழிந்தது. தீக்குச்சி கிழிக்குமுன் பழக்கத்தில் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

பற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பற்றவில்லை. நடுவில் குழிந்தது, ஓரம் நின்றது. இலையின் நரம்பெல்லாம் தெரிந்தது.

நீங்க சொன்னதுதான் சரி. இப்ப நான் யார்கிட்ட போய்த் தோக்கறது?