ஹாரன் கேட்டால் உட்காரு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நான் வேலை பார்க்கும் வீட்டில் உருண்டை என்று ஒரு குட்டிநாய் இருக்கிறது. காலையில் அதை நடத்திக் கூட்டிப் போவது என் பொறுப்பு. எதிரே வரும் ரொட்டி வேன்காரன் வேண்டுமென்றே எங்கள் பக்கத்தில் வந்து ஹாரன் அடிப்பான். ஒருநாள் உருண்டை மிரண்டு சாலையில் பாய்ந்தது. கயிற்றை விடாமல் நானும் விழுந்தேன். வெறும் சிராய்ப்புதான், ஆறிவிட்டது. அவனோ தலையை நீட்டி, "ரெண்டுல எது நாய்?" என்று சிரித்தான்.

உங்கள் ரத்தம்தானே அப்பா, விடுவேனா? கறுவிக்கொண்டே ஒரு மாதம் பழக்கினேன். ஹாரன் கேட்டால் உருண்டை அசையாமல் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பிஸ்கட்.

நேற்று எங்களுக்குப் பச்சை விளக்கு எரிய, சாலையைக் கடந்துகொண்டிருந்தோம். விளக்குக்காக நின்றிருந்த அந்த வேன்காரன் பொறுக்காமல் ஹாரன் அடித்தான். உருண்டை வேனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. அவன் அடிக்க அடிக்க, அது இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தது. நான் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. விளக்கு மாறி, பின்னால் வண்டிகள் சேர்ந்து, போக்குவரத்துப் போலீஸ்காரரே வந்துவிட்டார்.

"நாய் நகர மாட்டேங்குது சார்!" என்று அலறினான்.

"அவரு ஹாரனை நிறுத்தினா எழுந்துக்கும் சார்" என்றேன்.

நிறுத்தினான். எழுந்தது. வீணாக ஹாரன் அடித்ததற்குப் போலீஸ்காரர் அவனுக்கு அபராதச் சீட்டு எழுதி முடிக்கும்வரை ஓரமாக நின்று, அவன் முகத்தைக் கண்குளிரப் பார்த்தேன்.

இதைச் சொல்லிச் சிரிக்க இங்கே ஆளில்லை. உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள், உருண்டையைத் துடைக்க. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். முதலாளியம்மா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்