திரையின் இடது ஓரம்

2024 ஜூன் 9, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து இவர் வேனுக்குள்ளேயே கிடக்கிறார். கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்தாயிற்று. பின்பக்கம் காட்டும் கேமராதான் பாக்கி. வயர் உள்ளதா, வயர்லெஸ்ஸா? சோறு ஆறிப்போகும்வரை அதே பேச்சு. வயர் என்றால் கூரையில் தன் கையால் இழைத்து ஒட்டிய பலகையையெல்லாம் கழற்றி, பின்னாலிருந்து முன்னால்வரை இழுக்க வேண்டும். இவருக்கு மனசு வரவில்லை.

சர்வேயராக இருந்தவர். வேலை முடிந்ததும் வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது எங்கள் பழைய ஆசை. கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மனசால் இமயமலைவரை போய்வந்தவள் நான்.

ஜூன் 22

வயர்லெஸ்தான். கேமரா மாட்ட வந்த நூர்முகம்மது எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நீளமான தகர வண்டி அண்ணாச்சி. படம் அப்பப்ப நின்னு போவும். நின்னது தெரியாம நீங்க பாட்டுக்கு பின்னால வந்துகிட்டிருப்பிய." இவர் கேட்கவில்லை.

ஜூலை 3

காம்பவுண்டுச் சுவரில் இடித்துவிட்டார். நல்லவேளை, எங்கள் சுவர். "படம் நின்னு போச்சுட்டி" என்றார்.

ஜூலை 14

பலகையைக் கழற்றி வயர் இழுத்தாயிற்று. என் பிடிவாதம். பலகை பிய்ந்தபோது இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் படம் எவ்வளவு தெளிவு! வேலியில் உட்கார்ந்த தட்டான்கூடத் தெரிகிறது. இனிப் பயமில்லை என்று சென்னையில் இருக்கும் ஹெப்ரானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரிம்மா, பாத்துப் போங்க" என்றான் பிள்ளை.

ஆகஸ்ட் 2

இன்றைக்கும் காபி டம்ளரைத் தட்டிவிட்டார். புறப்படும் பரபரப்பு.

ஆகஸ்ட் 30

பேனா பிடிக்க இன்றுதான் தெம்பு வந்தது.

இடது தொடை எலும்பு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள்.

முதல் பயணமாக, கிட்டத்திலேயே இருக்கட்டும் என்று புன்னக்காயலுக்குப் போனோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் வேனை நிறுத்தி டீ போடுவதாகத் திட்டம். மணல் இளகலாக இருந்ததால் நான் இறங்கிப் பின்னால் போனேன். "நீ எதுக்கு எறங்குத? அதான் கேமரா இருக்குல்லா" என்றார். நான் இடது மூலையில் நின்று கையை ஆட்டினேன். வேன் வந்தது. போதும் என்று கத்தினேன். வேன் வந்துகொண்டே இருந்தது. பின்னால் கரையேற்றி வைத்த வள்ளம். நடுவில் என் கால்.

வலைக்காரர்கள் ஓடிவந்து வேனைத் தள்ளித்தான் என்னை எடுத்தார்கள். இவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "படம் நின்னு போச்சு, இன்பம். சத்தியமா படம் நின்னு போச்சு."

வயர் உள்ள படம் எப்படி நிற்கும்?

செப்டம்பர் 21

ஹெப்ரான் லீவில் வந்திருக்கிறான். கேமராக் கடைமேல் கேஸ் போட வேண்டும் என்று குதித்ததால் நூர்முகம்மதே வந்து சோதித்தார். பழுது எதுவும் இல்லை. நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வேன் கதவருகே நின்றேன். அன்றைக்கு நான் நின்ற அதே மூலையில் ஒரு சிவப்பு ஸ்டூலைப் போடச் சொன்னேன். திரையின் இடது ஓரத்தில் பளிச்சென்று தெரிந்தது.

இவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துக் கேட்டேன். "என்ன தெரியுது?"

"என்ன தெரியுது! வெறுந்தரைதான் தெரியுது."

"நல்லாப் பாருங்க. அசையாம, நேராப் பாருங்க."

"ஒண்ணும் இல்லங்கேன்லா."

நூர்முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். ஹெப்ரான் திரையில் அந்த ஸ்டூலைத் தொட்டுக் காட்டினான். இவர் விரல் போன பக்கம் கண்ணைத் திருப்பினார். பார்த்தார்.

செப்டம்பர் 22

கண்ணில் அழுத்தமாம். போன வருடமே டாக்டர் சொல்லியிருக்கிறார். ஓரப் பார்வை கொஞ்சங்கொஞ்சமாகப் போகும், தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது என்று. இவர் ஓட்டியது மட்டுமில்லை, மருந்தும் விடவில்லை.

"மருந்து பாட்டில நீ பாத்தா என்னன்னு கேப்ப. சொன்னா வேன வித்துருவ."

ஒரு வருசமாவா? கூடவே படுத்து எந்திச்ச எனக்குத் தெரியாம ஒரு வருசமா? ஆமா, வித்திருப்பேன். சாவியக் கெணத்துல போட்டிருப்பேன். கண்ணு இருந்திருக்குமே. எனக்குக் காலு இருந்திருக்குமே. வேனுக்காகவா? எனக்காகத்தான் எல்லாங்காரு. எனக்காகவாம்!

செப்டம்பர் 23

பேசவில்லை.

அக்டோபர் 6

வள்ளியூரிலிருந்து வந்த ஒருவர் வேனை எடுத்துப் போனார். டிபன் கடையாக்கப் போகிறாராம். கட்டிலைப் பிடுங்கி முற்றத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மழையில் நனைகிறது. உள்ளே எடுத்து வைக்க இருவராலும் முடியவில்லை.

இவர் இரண்டு தரம் என் அருகில் வந்து நின்றார். "ஹெப்ரான் போன் பண்ணுனானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 18, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனது போனதுதான், தினமும் தவறாமல் மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வரும்போது டவுன் பஸ். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் பேச ஒன்றும் இல்லை.

பாளையங்கோட்டையில் நான் முதலில் கம்பூன்றி இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் இவர் வாசலில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கண்டக்டர், "பெரியவரே, சீக்கிரம் எறங்கும்வே" என்றார்.

எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! அத்தனை பேர் முன்னாலும் இவர் சத்தமாகவே கேட்டார்.

"இன்பம், படி எங்கன இருக்கு? எனக்குத் தெரியல."

"கீழ ரெண்டு படி. இடது பக்கம் ஒரு ஆளு நிக்காரு. பைய வாங்க" என்று கையை நீட்டினேன்.