காப்புக் கட்டிய கையில் ஒரு கேனுலா

நேற்று நான் பாடம் எடுக்கும் நர்சிங் பள்ளிக்கு ஒரு கை வந்தது. அட்டைப் பெட்டிக்குள், நறுக்கிய காகிதத்துக்கு நடுவே, தோளுக்குக் கீழே வெட்டி எடுத்த மாதிரி ஒரு ரப்பர் கை. பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்பு வாசனை அடித்தது. பிள்ளைகள் "அய்யே" என்று பின்வாங்கிவிட்டு, அடுத்த நிமிஷமே ஆளுக்கொரு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். உள்ளே குழாய்கள் ஓடுகின்றன. சிவப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தால், ஊசி சரியாக இறங்கியதும் ரத்தம் வந்தது போலவே காட்டும். நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் கிடைத்துவிடும். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அந்தக் கையைத் தூக்கி என் தோள்மேல் போட்டு, "இந்தாடி, உனக்கு மாப்ள கெடச்சிட்டான்" என்று சொல்லியிருப்பாய்.

நாம் படித்த காலத்தில் இப்படி ஒரு கை கிடையாது. எனக்கு இருந்தது உன் கைதான். கள்ளக்குறிச்சியில் டியூட்டர் பக்கத்தில் நிற்க, ஒருவர் கையில் ஒருவர், மருந்து ஏற்றும் சின்னக் குழாயான கேனுலாவைப் போட்டுப் பழக வேண்டும் என்ற நாள் வந்தபோது, வகுப்பில் பாதிப் பேருக்குத் திடீரென்று தலைவலி வந்தது. நீ மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சட்டைக்கையைச் சுருட்டினாய்.

"குத்துடி. உங்க ஊரு கரும்ப வெட்டி வெட்டி எங்கப்பா கையெல்லாம் கீறினு வர்றாரு. எனக்கு இந்த ஒரு ஊசி ஜாஸ்தியா?"

மணலூர்பேட்டைப் பக்கம் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பெண் நான். எலவனாசூர்கோட்டைப் பக்கம் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண் நீ. அதை நீ சண்டைக்குச் சொல்லவில்லை, என் பயத்தைப் போக்கத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. கோபத்தில் பயம் மறந்துபோனது. டூர்னிகெட் பட்டையை மேல்கையில் இறுக்கிக் கட்டினேன், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், அது காயும்வரை காத்திருந்தேன். ஊசியின் சாய்ந்த முகம் மேலே பார்க்க, தோலோடு ஒட்டினாற்போலச் சரித்து உள்ளே விட்டேன். கேனுலாவின் பின்பக்கத்துச் சின்ன அறையில் ஒரு சிவப்புப் பொட்டு எட்டிப் பார்த்தது.

"வந்திச்சா?" என்றாய்.

தலையை ஆட்டினேன். எங்கள் வயலில் மடை திறக்கும்போது முதல் தண்ணீர் மண்ணை நனைத்துக்கொண்டு வருவதைச் சின்ன வயதில் குத்த வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதே மலைப்பு அன்றைக்கு எனக்கு வந்தது. ஒரு மனுஷிக்குள்ளே யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிற ஓட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். அதன் வழியாகத் தண்ணீர் விடலாம், உப்பு விடலாம், மருந்து விடலாம். இத்தனை வருஷம் கழித்தும், அந்தப் பொட்டு தெரியும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கணம் மூச்சு நிற்கத்தான் செய்கிறது. பிள்ளைகளுக்கு இது தெரிந்தால் சிரிப்பார்கள்.

புத்தகம் சிரை என்று சொல்லும். வார்டும் நோயாளியும் நரம்பு என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே பழகிவிட்டோம். அதைத் தேடுவதில் உனக்கென்று ஒரு வழி இருந்தது. எல்லாரும் குனிந்து நீலக் கோட்டைத் தேடும்போது நீ எங்கோ பார்த்துக்கொண்டு இரண்டு விரலை மட்டும் வைத்திருப்பாய். "நீலமா தெரியறதெல்லாம் நரம்பு இல்லடி. அமுக்கி வுடு. பந்து மாரி எழும்பி வருதா, அதுதான்" என்பாய். நான் எவ்வளவு அமுக்கியும் எனக்குப் பல தடவை வெறும் தோல்தான் எழும்பி வந்தது.

படிப்பு முடிந்து சில வருஷம் அங்கே இங்கே வேலை பார்த்தபின், இரண்டு பேருக்கும் கல்வராயன் மலைமேல் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஓர் ஆடி மாதம் நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நீயும் இருந்தாய்தான். ஆனால் பாதி நேரம் நீ நோயாளியின் கையைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. சுற்றி நடந்ததைப் பார்த்தவள் நான்.

பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து, திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பெண் ஒருத்திக்குக் காலையிலிருந்து வாந்தியும் பேதியும் நிற்கவில்லை என்றார். பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் போனோம். கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். முப்பது வயசு இருக்கும். கண் குழிந்து, உதடு வெடித்து, கையும் காலும் சில்லிட்டுக் கிடந்தாள். நாடி இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் கொடுத்த வேகத்தில் வெளியே வந்தது. சிக்னல் கிடைத்த மேட்டில் ஏறி டாக்டருக்குப் போன் போட்டேன். "உடனே ஆர்எல் பாட்டில் ஏத்துங்க. ஏத்திக்கிட்டே கீழ கொண்டு வாங்க, அங்க வெச்சிருக்காதீங்க" என்றார்.

இறங்கி வந்து சொன்னதும் பூசாரி குறுக்கே நின்றார். ஒல்லியான ஆள், இடுப்பில் மஞ்சள் துண்டு, அவர் கையிலும் காப்பு.

"காப்புக் கட்டனவ எல்ல தாண்டக் கூடாதும்மா. நாளைக்குத் தீச்சட்டி எடுத்து எறக்கற வரிக்கும் ஊருக்குள்ளதான் இருக்கணும். இன்னா பண்றதா இருந்தாலும் இங்கயே பண்ணுங்க."

"உசுரு போய்க்கினு இருக்குதுங்க! எல்லையாம் எல்ல!" என்று நான் கத்தினேன். என் வாய் உனக்குத் தெரியுமே.

அப்போது கட்டிலிலிருந்து அவளே பேசினாள். காற்று மாதிரிக் குரல். "எம்புள்ளைக்கு வேண்டினு கட்டனதும்மா. ஜன்னி வந்து பொழச்சான். நான் தாண்டனா அவனுக்கு ஆவாது. நான் போனாலும் பரவால்ல."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் நின்றான். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வலது கையில் எனக்கு ஒரு நரம்பும் தட்டுப்படவில்லை. பாட்டில் ஏற்ற வேண்டிய இடது கையில், மணிக்கட்டில், ஈரமான மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தேன். நீ என் பக்கம் திரும்பாமலே என் கையைத் தள்ளிவிட்டாய்.

"அத்த உள்ள வைடி. நீ சண்ட போட்டுக்கினு இரு, நான் நரம்பப் பாக்கறேன்." பிறகு அவள் காதருகே குனிந்தாய். "யக்கா, உன் காப்ப நான் தொட மாட்டேன். எங்கயும் கூப்டவும் மாட்டேன். கைய மட்டும் குடு."

அவள் கையை உன் மடியில் வைத்தாள். வாதம் பண்ணி நான் வாங்க முடியாத கை அது.

உடம்பில் தண்ணீர் வற்றினால் நரம்பு உள்ளே சுருங்கிவிடும் என்று வகுப்பில் சொல்கிறேன். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். புறங்கையில் நீ போட்ட முதல் ஊசி கிடைக்கவில்லை. நான் மனசுக்குள் பதறினேன். நீ பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை. கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்க விட்டாய். பொங்கல் வைக்கிற அடுப்பிலிருந்து வெந்நீர் வாங்கித் துணியை நனைத்துச் சுற்றினாய். காப்பின் மேலே சுத்தமான காஸ் துணியைச் சுற்றி மூடினாய், ஊசி போடுகிற இடத்தில் அந்த ஈரம் படக்கூடாது என்று. மறுபடி கட்டை இறுக்கி, முன்கையில் இரண்டு விரலை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாய். கோயில் வாசலில் பம்பை மேளம் கொட்டிக்கொண்டிருந்தவர்களும் அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அந்த நேரம் முடியவே இல்லை.

பிறகு உன் உதடு லேசாக அசைந்தது. ஊசி இறங்கியது. பொட்டு தெரிந்தது. கேனுலாவை மட்டும் உள்ளே நகர்த்தி, கட்டை அவிழ்த்து, நுனி இருக்கும் இடத்துக்கு மேலே விரலால் அழுத்திக்கொண்டு ஊசியை உருவினாய். காற்றெல்லாம் போகும்வரை திறந்து விட்டுத் தயாராக வைத்திருந்த குழாயை நான் நீட்டினேன். மாட்டினாய். வெறும் தோல் மாதிரி இருந்த இடம் அது. அங்கே உன் விரலுக்கு மட்டும் என்னதான் கேட்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, சத்தியமாக.

ஸ்டாண்டு இல்லை. நீ நிமிர்ந்து பார்த்து, அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் பூசாரியைக் கூப்பிட்டாய். "சாமி, நீங்க புடிங்க. நெஞ்சுக்கு மேல, நல்லா ஒசர. கை எறங்கிச்சின்னா ரத்தம் குழாயில திரும்பி மேல வந்துடும்."

அவர் மிரண்டுபோய்ப் பாட்டிலை வாங்கித் தலைக்கு மேலே பிடித்தார். அதிலிருந்து அவர் கண் சொட்டு விழும் இடத்தை விட்டு நகரவில்லை. யாரோ வேறு ஆளை மாற்றட்டுமா என்றதற்கு, "வோணாம், எறங்கிடப் போவுது" என்றார். நீ சொட்டை வேகமாக ஓட விட்டாய், ஊசி போட்ட இடம் வீங்குகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு பாட்டில் முடிந்து இன்னொன்று மாட்டினோம். நாடி விரலுக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. அவள் கண்ணைத் திறந்து பையனைத் தேடினாள்.

"சாமி, நம்மகிட்ட இருக்கற பாட்லு இத்தோட தீருது. தீந்துட்டா மறுபடி காலைல இருந்த மாரி ஆயிடுவா. இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்றாய்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் கோயில் பக்கம் திரும்பினார். தூக்கின கை மட்டும் அப்படியே இருந்தது.

"தூக்குங்கடா கட்டில" என்றார்.

ஜீப்பில் அவளைக் கிடத்திப் பையனையும் ஏற்றியதும் பாட்டிலோடு அவரும் ஏறிக்கொண்டார். எல்லைக் கல் வந்ததும் டிரைவர் தானாகவே பிரேக் போட்டார். பூசாரிக்கும் காப்பு இருக்கிறதே. அவள் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பையனை இறுக்கிப் பிடித்தாள். பூசாரி கல்லைப் பார்க்கவே இல்லை, சொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கண்ண மூடிக்கம்மா. கேட்டா ஆத்தா என்னக் கேக்கட்டும். வண்டிய எடுப்பா" என்றார்.

மலை இறக்கத்தில் நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். அவள் மெல்ல உன் கையைச் சுரண்டினாள். "யம்மா, ஒண்ணுக்கு வருது."

நீ கத்தின கத்தலில் டிரைவர் வண்டியைப் பாறையில் விட்டிருப்பார். சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆள் பிழைத்தாள் என்பதற்கு அதைவிட நல்ல சேதி ஏது? ஜீப்பை நிறுத்தி, என் துப்பட்டாவும் உன் துப்பட்டாவுமாய் மறைப்புப் பிடித்தோம். பூசாரி மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, ஒரு கையால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தார். நீ சிரித்தாய், அழுதாய், என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாய். என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய திருவிழா அதுதான்.

போன ஆடியில் நீ போனாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். காலையில் டியூட்டிக்குக் கிளம்பினவள், மத்தியானம் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழக்கூடத் தோன்றாமல் உன் கைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எடுக்கப் போகிற நேரத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் கையை நீட்டினபோதுதான் தெரிந்தது. இடது மணிக்கட்டில், மஞ்சள் காயாத புதுக் காப்பு.

"ஏங்க, காப்புக் கட்டினு எப்படிங்க வந்தீங்க? எல்ல தாண்டக் கூடாதே?" என்றேன்.

அவள் பின்னால் நின்ற வாலிபனைக் காட்டினாள். "இவனுக்காவத்தான் அன்னிக்கு மாட்டேன்னேன். இன்னிக்கு இவன்தான் வண்டி எடுத்தான். 'எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா, வா போலாம்'னு."

அப்புறம் உன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். இப்போது யார் கையைப் பிடித்தாலும் உடனே டூர்னிகெட்டை எடுப்பதில்லை. முதலில் "கையைக் கொடுங்க" என்று கேட்கிறேன். அவர்களாகக் கொடுக்கும்வரை காத்திருக்கிறேன். பிள்ளைகளையும் அப்படித்தான் பழக்குகிறேன். ஏன் என்று கேட்டால், மலைமேல் ஒரு பெண் உன் மடியில் கையை வைத்தாள், பின்னொரு நாள் உன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். அது வார்டில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் "கேளுங்க, அவ்வளவுதான்" என்று அதட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறேன்.