ஊத்தையென்று நான் தேய்த்தது

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

இன்று பரந்தன் ஆஸ்பத்திரிக்கு இவருடைய காலுக்கு மருந்து கட்டப் போனோம். வயலில் மண்வெட்டி பட்ட காயம். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் இருப்பதால் ஒரு மாதமாகியும் மூடவில்லை. கால்விரலை எடுக்கச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டேதான் போனேன்.

நேர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "வீட்டில என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓரத்தில வெள்ளையா ஊத்தை படியுது. ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சு எடுக்கிறனான்" என்றேன், பெருமையாகத்தான்.

"அது ஊத்தையில்லை அக்கா, புதுத்தோல். ஓரத்தில இருக்கிற தோல் கலங்கள், செல் எண்டு சொல்லுறது, ஒண்டு ரெண்டாப் பிரிஞ்சு, வெறும் இடத்தை மூட வருகுது. நடுவில வந்து முட்டினால் தானா நிண்டிடும். நீங்கள் அதுகளை ஒவ்வொரு நாளும் முதலிலயிருந்து தொடங்க வைக்கிறியள்."

"விரல்?"

"விரலுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் கை வைக்காட்டிச் சரி."

பஸ்ஸில் வரும்போது இவர், "விடு விடு எண்டு சொன்னனான், கேட்டனியே?" என்றார். நான் சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு.

இப்போது இவர் காலை நீட்டிக்கொண்டு தூங்குகிறார். கட்டின் ஓரம் கொஞ்சம் ஊத்தையாகத்தான் இருக்கிறது. தொடவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. குசினிக்குப் போய், கரிபிடித்த சோற்றுப்பானையைத் தேய்தேயென்று தேய்த்துவிட்டு வந்தேன்.